மலைப்பாதையில் இரு பழைய வண்டிகள்

நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்கும் தெருவின் நீளம் ஏறக்குறைய 77 கிலோமீற்றர். அத்தூரத்துக்குள், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நகரமொன்றை நீங்கி, 500 மீற்றர் உயரத்திலுள்ள இன்னொரு நகரத்தை நாம் அடைந்து விடுகின்றோம். லபுக்கலைத் தேயிலைச் சரிவுகளும், இறம்பொடை நீர்வீழ்ச்சிகளும், கொத்மலை நீர்த்தேக்கத்தின் தூரத்துப் பளபளப்பும் இப்பாதையின் அழகுகள் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயினும் அழகை அநுபவிப்பதற்கு வயிறு இடங்கொடுக்க வேண்டுமே! எலுமிச்சம்பழமொன்றை மூக்கருகே பிடித்தவாறு, கண்களை இறுக மூடிக்கொண்டு இப்பாதையைக் கடந்தவர் எத்தனை பேர்!

2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் நாம் இப்பாதையில் ஒரே நாளில் இறங்கி ஏறினோம். காட்சி காண்பதற்காக அன்று. இரண்டு பழைய மோட்டார் வண்டிகளுள் எதனை வைத்திருப்பது, எதனை விற்பது என்னும் வழக்கொன்றைத் தீர்ப்பதற்காகவே.

நுவரெலியாவில் வசிக்கும் எமது நண்பர், தேயிலைத் தொழிற்சாலையொன்றில் இயந்திரங்களைப் பராமரித்து ஓய்வு பெற்றவர். அவரிடம் 1981ஆம் ஆண்டின் மேர்சிடிஸ் பென்ஸ் 240 டி ஒன்று இருந்தது. வெளிநாடு சென்ற தமையனார் விட்டுச்சென்ற 1984ஆம் ஆண்டின் ஜகுவார் எக்ஸ்.ஜே. 6 ஒன்றும் அவருடைய கொட்டகையிலேயே நின்றது. நண்பரின் தாயாருக்கு அப்பொழுது வயது 82. இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை செய்யப்பட்டவர். மாதந்தோறும் கண்டிக்கு வைத்தியரிடம் செல்ல வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தபடியால் புதியதொரு வண்டி வாங்கும் எண்ணத்துக்கு இடமில்லை. 2022 யூலையில் எரிபொருட் பங்கீடு தொடங்கியபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றரே கிடைத்தது. கண்டிக்குப் போய்வர ஜகுவார் குடிப்பதோ 28 லீற்றர்! மேர்சிடிசுக்கு 15 லீற்றர் டீசல் போதும். செலவுக் கணக்கு இவ்வாறு தெளிவாயிருந்தும் நண்பருக்கு மனம் ஒப்பவில்லை. “அம்மாவின் இடுப்புக்கு ஜகுவார்தான் மெத்தை. காசைப் பார்த்து அதை விற்றால் பாவம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே பரீட்சையொன்று ஏற்பாடாயிற்று. நண்பர் வண்டியைச் செலுத்த, பின்னாசனத்தில் அம்மையாரும் நாமும் இருப்பது. மற்றைய வண்டியை நண்பரின் மகன் பின்னே கொண்டு வருவது. இறங்கும்போது இறம்பொடை வரை ஜகுவார், அப்பாற் கண்டி வரை மேர்சிடிஸ். ஏறும்போது இதற்கு மாறாக, கண்டியிலிருந்து இறம்பொடை வரை ஜகுவார், மேலே மேர்சிடிஸ். பாதையின் இரு பகுதிகளிலும் இரு வண்டிகளும் ஒவ்வொரு தடவை ஓடும்.

பழைய வண்டிகளை ஒப்பிடப் புகுவோர் முதலிற் செய்ய வேண்டியது கீழே குனிந்து பார்ப்பதாகும். சில்லுகளைத் தாங்கும் கரங்களின் மூட்டுக்களில் றப்பர் உருளைகள் உண்டு. அவை வெடித்து இறுகிப்போன வண்டியில் ஏறிவிட்டு, “இதன் அமைப்பு இத்தகையது” என்று தீர்ப்பளிப்பது, பல்லிழந்தவரின் பாட்டைக் கேட்டுச் சங்கீதத்தைக் குறை கூறுவது போலாகும். நண்பர் தொழில் தெரிந்தவர். இரு வண்டிகளிலும் றப்பர்கள் மாற்றப்பட்டிருந்தன. ரயர்களும் பழசல்ல. காற்றை அன்று காலை நாமே அளந்து பார்த்தோம்.

ஜகுவார் எக்ஸ்.ஜே. 6 முதன்முதலாக 1968 செப்டெம்பரில் வெளிவந்தது. அதன் பின்சில்லு ஒவ்வொன்றுக்கும் இரண்டாக நான்கு சுருள்வில்லுகள் உள்ளன. வில்லுகளும், கரங்களும், பிறேக்குகளும் உருக்குக் கூடொன்றினுள் ஒன்றாக அமைந்திருக்க, அக்கூடு றப்பர்த் துண்டுகளாலேயே வண்டியின் உடலோடு பிணைக்கப்பட்டுள்ளது. தெருவிற் சில்லு எழுப்பும் சத்தமும் அதிர்வும் உள்ளே வருவதற்கு நேர்வழியே இல்லை. 1961இல் அக்கம்பனி கையாளத் தொடங்கிய இவ்வமைப்பைச் செம்மைப்படுத்தி, அரச குடும்பத்தார் ஏறும் வண்டிகளின் அமைதியைப் பாதி விலையிற் கொடுத்தார்கள் என்று அக்காலத்தில் வியந்தவர் பலர். இவ்வண்டியைப் பற்றி எழுதும்போது எமது பேனை சிறிது வழுக்குகின்றது. அதன் அழகுக்கு நாமும் அடிமையே.

மேர்சிடிசின் கதை வேறு. 1976இல் வெளிவந்து பத்தாண்டுகளில் ஏறக்குறைய 27 இலட்சம் உருவாக்கப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தது அது. நான்கு சில்லுகளும் தனித்தனியே சுருள்வில்லின் மேல் நிற்பவையே. ஆனால் தெருவை முற்றாக மறைத்துவிட அதனைச் செய்தோர் விரும்பவில்லை. சிறு கற்களை அது “தட் தட்” என்று அறிவிக்கும். பெருங்குழியைத் தானே விழுங்கிக்கொள்ளும். ஆசனம் முதலிற் கடினமாகவே தோன்றும். இரண்டு மணி நேரத்தின் பின்னர்தான் அதன் அருமை தெரியும்.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். லபுக்கலை வரை ஜகுவாரில் இருப்பது வண்டியில் இருப்பதாகவே தோன்றவில்லை. எஞ்சின் ஓடுகின்றதா என்பதையும் செவி அறியவில்லை. நண்பர் கண்ணாடியில் தாயாரைப் பார்த்துப் பெருமிதத்தோடு புன்னகைத்தார். பின்னர் வளைவுகள் தொடங்கின. ஜகுவாரின் சுக்கான் ஒற்றை விரலாற் சுழற்றத்தக்க இலேசானது. விரலசைவுக்கே மூக்கு திரும்பி விடும். செலுத்துபவருக்கு அது பேரின்பம். நாமும் செலுத்தி அறிவோம். ஆனால் பின்னால் இருப்பவர் வளைவைக் காண முன்னரே வண்டி வளைந்து விடுகின்றது. வழுவழுப்பான தோலாசனத்தில் அம்மையார் ஒரு முறை எம்பக்கம் சரிந்தார். மறு வளைவிற் கதவின் பக்கம் சரிந்தார். மேலே பிடியைப் பற்றிய கையின் நரம்புகள் புடைத்திருந்தன. இறம்பொடையில் நிறுத்தியபோது அவர் முகம் வெளிறியிருந்தது.

“நல்ல மெத்தைதான் தம்பி. ஆனால் எந்தப் பக்கம் தள்ளப் போகுதெண்டு உடம்புக்கு முன்னாலை தெரியேல்லை” என்றார் எம்மிடம். மகனிடம் அதைச் சொல்லவில்லை.

இவ்விடத்தில் மாணவ வாசகருக்காக ஒரு விடயம். வில்லின் மேல் நிற்கும் வண்டி நிமிடத்துக்கு 60 முதல் 90 தடவை வரை மேலுங்கீழும் அசையுமாயின் உடல் அதனைச் சுகமாக ஏற்றுக்கொள்ளும். அதனினும் விரைவானால் அது குலுக்கம். ஏறக்குறைய ஐந்து செக்கனுக்கு ஒரு முறையாக மெல்ல ஊசலாடினாலோ குமட்டல் தொடங்கும். கப்பற் பிரயாணிகளை வாட்டுவது இவ்வூசலே. மலைத்தெருவில் இடமும் வலமுமாக மாறி மாறி வளையும்போது நேர்வதும் இதனை ஒத்ததே. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடிலாக் கம்பனியில் மோரிஸ் ஓலி என்னும் பொறியியலாளர், பாரங்களை இடமாற்றி வைக்கத்தக்க பரிசோதனை வண்டியொன்றிற் பலரை ஏற்றி, முன்வில்லையும் பின்வில்லையும் எவ்வாறு பொருத்தினால் உடலுக்கு இதமென ஆராய்ந்தார். அன்று தொடங்கிய ஆராய்ச்சி குழிகளின் துன்பத்தைப் பெரிதும் வென்றது. வளைவின் துன்பத்தை எவ்வளவு மென்மையான வில்லும் போக்காது. அது சுக்கானிலும், அதனைப் பிடித்த கையிலும், உடலைத் தாங்கும் ஆசனத்திலும் தங்கியிருக்கின்றது. வண்டி சொற்கேட்டு வளையும் தன்மை சாரதிக்குரிய இன்பம், சுகம் பின்னாலிருப்பவருக்குரியது என்று பாகம் பிரிப்போர் இதனை மறந்து விடுகின்றனர்.

இறம்பொடைக்குக் கீழே மேர்சிடிஸ். புசல்லாவையை அண்டித் தெரு சில இடங்களிற் கிண்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு தையலையும் வண்டி எமக்கு எண்ணிக் காட்டியது. அம்மையார் இரண்டு முறை “ஸ்” என்றார். மாலையில் அதே பகுதியை ஜகுவார் கடந்தபோது அந்த “ஸ்” எழவேயில்லை. மறைப்பானேன், முறிந்த இடுப்புக்கு அப்பகுதியில் ஜகுவாரே மருந்து.

ஏறும் வழியில், இறம்பொடையில் மீண்டும் மேர்சிடிசுக்கு மாறினோம். 72 குதிரைவலு கொண்ட டீசல் எஞ்சின், 1,400 கிலோகிராம் எடையோடு எம்மையும் சுமந்துகொண்டு இரண்டாம் கியரில் முக்கி முனகி ஏறிற்று. லொறிகளும் எம்மைக் கடந்தன. வலு உதவியில்லாத பெரிய சுக்கானை நண்பர் இரு கைகளாலும் மெதுவாகச் சுழற்ற வேண்டியிருந்தது. சுழற்றச் சுழற்ற வண்டி சிறிது சாய்ந்து, சாய்ந்த நிலையிலேயே நின்று, வளைவு முடிய மெல்ல நிமிர்ந்தது. உடலுக்கு முன்னறிவித்தல் கிடைத்து விடுகின்றது! அம்மையார் பிடியைப் பற்றவில்லை. வெளியே மூடுபனி இறங்குவதைப் பார்த்து, மணமாகி வடமராட்சியிலிருந்து முதன்முறை இம்மலைக்கு வந்த கதையை எமக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

வண்டியின் குணம் எவ்வளவு, வேகக் குறைவின் குணம் எவ்வளவு? நண்பர் இவ்வினாவை விடவில்லை. அடுத்த வாரம் ஜகுவாரை அதே மந்த வேகத்தில் அவ்வளைவுகளிற் செலுத்த, நாம் தனியே பின்னாலிருந்து பார்த்தோம். பெரும்பகுதி துன்பம் நீங்கிற்று. தோலாசனத்தில் வழுக்குவது மாத்திரம் எஞ்சியது. அதற்கு ஒரு பருத்தி விரிப்பே போதும். ஆகவே வழக்கு மறுபடியும் சமநிலைக்கு வந்துவிட்டது போலத் தோன்றியது. நண்பரின் முகம் மலர்ந்தது.

தீர்த்து வைத்தது நாம் எண்ணிப் பாராத வேறொன்று. வைத்தியரிடம் செல்லும் நாளில் அம்மையார் ஜகுவாரின் கதவண்டை வந்து நின்று, ஊன்றுகோலைப் பிடித்தவாறு அசையாது நின்றுவிட்டார். ஜகுவார் மேர்சிடிசிலும் பார்க்கத் தாழ்வானது. அதன் எழிலின் இரகசியமே அத்தாழ்வுதான். தலையைக் குனிந்து, இடுப்பை மடித்து, ஆழத்திலிருக்கும் ஆசனத்தில் விழவேண்டும். இறங்கும்போது அங்கிருந்து எழவேண்டும். கடந்த பல மாதங்களாக ஒவ்வொரு முறையும் பற்களைக் கடித்துக்கொண்டே அதிற் புகுந்திருக்கின்றார்.

“ஏனம்மா முன்னமே சொல்லேல்லை?” என்று கேட்டார் நண்பர்.

“அது உன்ரை அண்ணன்ரை கார். நீயும் ஆசையாய்த் துடைச்சுத் துடைச்சு வைச்சிருக்கிறாய்” என்றார் அம்மையார்.

அவ்வாண்டு சித்திரை கழிந்ததும் கொழும்பைச் சேர்ந்த ஒருவர் ஜகுவாரை வாங்கிச் செல்ல வந்தார். அவர் வருவதற்குச் சற்று முன்னர், தம்மை அதில் ஒரு முறை ஏற்றிக் கிறகறி வாவியைச் சுற்றிக் காட்டும்படி அம்மையார் கேட்டார். நண்பரும் மகனுமாக இருபுறமும் தாங்கி அவரை உள்ளே இருத்தினர். சமதரையான தெரு, குழியில்லை, கூரிய வளைவில்லை. வாவியின் மேல் வெயில் விழுந்திருந்தது. இரண்டாவது சுற்று முடிவதற்குள் அம்மையார் எமது தோளிற் சாய்ந்து உறங்கிவிட்டார். நண்பர் மூன்றாவது முறையும் சுற்றினார்.