மூன்றாம் வாசகம்

சாம்பல் புதன் கழிந்த மறுவாரம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. கோயிலில் வாசகர்களுக்குப் பொறுப்பாக இருக்கும் ஆண்டி அனுப்பியிருந்தார். “ஈஸ்டர் ராத்திரி அப்பா வாசிக்கிற மூணாவது வாசகத்த இந்த வருஷம் நீ எடுத்துக்கிறியாம்மா? முடியலன்னா பரவாயில்ல, இங்கிலீஷ்லயே வெச்சுக்கலாம்.”

அந்தப் ‘பரவாயில்ல’தான் என்னைத் தூங்கவிடவில்லை.

கத்தோலிக்கர்களான நாங்கள் ‘பாஸ்கா திருவிழிப்பு’ என்று சொல்லும் வழிபாடு அது. புனித சனிக்கிழமை நன்றாக இருட்டிய பிறகுதான் தொடங்க வேண்டும். எங்கள் கோயிலில் இரவு 8 மணிக்கு வாசலில் தீ மூட்டுவார்கள். அந்தத் தீயில் பெரிய பாஸ்கா மெழுகுதிரியை ஏற்றி, இருண்ட கோயிலுக்குள் கொண்டுபோவார்கள். அதிலிருந்து ஒவ்வொருவர் கையில் இருக்கும் சிறிய திரிக்கும் வெளிச்சம் பரவும். பிறகு வாசகங்கள். பழைய ஏற்பாட்டிலிருந்து மட்டும் 7 உண்டு. நேரம் கருதிச் சிலவற்றைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் மூன்றாவதை மட்டும் எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. மோசே தம் மக்களைச் செங்கடல் நடுவே நடத்திச் செல்லும் பகுதி அது.

அன்றிரவு எங்களுக்கு ஒரே ஒரு திருப்பலிதான். எல்லா மொழிக்காரர்களும் ஒன்றாக உட்காருவோம். பெரும்பாலும் ஆங்கிலம். தமிழுக்குக் கிடைப்பது அந்த ஒரு வாசகமும் இரண்டு பாடல்களும்தான். 19 ஆண்டுகளாக அதை வாசித்தவர் அப்பா. துறைமுகத்தில் வேலை பார்த்தவர் என்பதால் குரல் எடுத்தால் மைக் தேவைப்படாது.

சென்ற ஆகஸ்டில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை மெல்ல மெல்லத் திரும்புகிறது. பேச்சு இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. மனத்தில் இருக்கும் சொல் வாய்க்கு வர நேரமாகிறது. வந்தாலும் குழறுகிறது.

நானோ உயர்நிலை நான்கோடு தமிழைப் பாடமாகப் படிப்பதை நிறுத்தியவள். அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலம். வீட்டில் பேசும் தமிழ், சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் போதும். கோயிலில் 300 பேர் முன்னால் வாசிக்கப் போதுமா? ஆனாலும் ஒரு முறை ஆங்கிலத்துக்குப் போய்விட்டால் அந்த வாசகம் திரும்பித் தமிழுக்கு வருமா என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. “நான் வாசிக்கிறேன் ஆண்டி” என்று பதில் போட்டேன்.

முதலில் அப்பா வாசித்த பதிவு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை. இருட்டில், கையில் மெழுகுதிரியோடு நிற்கும்போது யார் கைப்பேசியை எடுப்பார்கள்? 19 ஆண்டுகள் அந்தக் குரலைக் கேட்டும், ஒரு நிமிடம்கூடச் சேமித்து வைக்கத் தோன்றவில்லை.

ஆகவே அப்பாவிடமே போனேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு விவிலியத்தைத் திறப்பேன். அப்பாவின் பழைய பிரதியில் அந்த நூலின் பெயர் ‘யாத்திராகமம்’. இப்போது கோயிலில் வாசிக்கும் மொழிபெயர்ப்பில் ‘விடுதலைப் பயணம்’. நான் வாசிப்பேன். அப்பா இடது கை ஆள்காட்டி விரலால் மேசையைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் மறுபடியும் வாசி. முதல் வாரம் முழுக்க இரண்டு தட்டுதான்.

‘முழுவதும்’ என்பதை நான் ‘முளுவதும்’ என்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. பார்வோனின் தேர்களும் குதிரைவீரர்களும் திரும்பத் திரும்ப வரும் இடங்களில், சீக்கிரம் தாண்டிவிட ஓடினேன். விரல் தட்டியது. மறுபடியும் ஓடினேன். மறுபடியும் தட்டியது. நான்காம் நாள்தான் புரிந்தது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்தப் படை ஒரு படி நெருங்கி வருகிறது. கேட்பவருக்கு அந்தப் பயம் வர வேண்டும் என்றால் வாசிப்பவள் ஓடக்கூடாது.

அப்பாவின் விரல் எப்போதும் நிறுத்தும் இன்னோர் இடமும் உண்டு. இரவு முழுவதும் காற்று வீசியது என்று வரும் இடம். ஏன் என்று எனக்கு நினைவு வந்தது. சின்ன வயதில் ‘தி டென் கமாண்ட்மென்ட்ஸ்’ படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். கடல் சட்டென்று பிளந்ததும் நான் கைதட்டினேன். “சினிமாலதான் அப்படி. விவிலியத்துல காத்து ராத்திரி பூரா அடிச்சது. சனங்க அது வரைக்கும் காத்துக்கிட்டு நின்னாங்க” என்றார் அப்பா.

அன்று அது வெறும் தகவல். இந்தத் தவக்காலத்தில், ஒரு சொல்லைச் சொல்ல அரை நிமிடம் போராடும் மனிதர் எதிரே உட்கார்ந்து அதே வரியைத் தினமும் வாசித்தபோது அது வேறாக ஒலித்தது. ஆகஸ்டிலிருந்து எங்கள் வீட்டிலும் ஒரே நொடியில் எதுவும் பிளந்து வழிவிடவில்லை. ஒரு விரல், ஒரு சொல், ஓர் அடி என்றுதான் நகர்கிறோம்.

பெரிய வெள்ளியன்று கஞ்சி. மறுநாள் காலை கோயிலில் வேலை ஆரம்பித்தது. வியாழன் இரவு வெறுமையாக்கிய பீடத்துக்கு வெள்ளைத் துணி விரித்தோம். ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் நிரப்பினோம். மெழுகு கையில் வடியாதிருக்க, ஒவ்வொரு திரியிலும் காகிதக் குவளையைச் செருகினோம். மாலையில் அம்மா, அப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டார். சக்கர நாற்காலிக்கு முன் வரிசையில் இடம் கேட்டு வைத்திருந்தோம்.

இருட்டில் என் முறை வந்தது. வாசக மேடையில் ஒரு சின்ன விளக்கு மட்டும். முதல் வரியில் குரல் நடுங்கியது. பிறகு மேசையில் விரல் தட்டிய இடங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அங்கெல்லாம் நிறுத்தினேன். அந்த வாசகம் மக்கள் பாடத் தொடங்குவதோடு முடியும். நான் முடித்ததும் பாடகர் குழு அந்தப் பாடலை எடுத்துக்கொண்டது. இறங்கி வரும்போது அப்பாவைப் பார்த்தேன். மெழுகுதிரியை இடது கையில் பிடித்திருந்தார். முகம் சரியாகத் தெரியவில்லை.

ஞாயிறு காலை, அவருடைய சட்டையில் சொட்டியிருந்த மெழுகின் மேல் காகிதம் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். காத்திருந்தேன்.

“அடுத்த வருஷம்...” என்றார். மீண்டும் கொஞ்ச நேரம்.

“இன்னும்... மெதுவா.”