அபிசீனியக் கோழிக்கு ஒரு வீடு

எங்கள் வீட்டுக் கொல்லையை ஒட்டி ஐந்து சென்ட் மனை ஒன்று வெறுமையாய்க் கிடந்தது. ஓசூரில் இத்தகைய மனைகளுக்குப் பஞ்சமில்லை. சிப்காட் தொழிற்பேட்டை வந்த நாள் முதலாக வாங்கிப் போட்டவர்கள் பலரும் அத்திப்பள்ளி எல்லைக்கு அப்பால், பெங்களூரில் வாழ்கிறார்கள். அவர்களுடைய மனைகளில் பார்த்தீனியம் வாழ்கிறது. ஒரே மழைக்காலத்தில் மும்முறை அங்கிருந்து எங்கள் கொல்லைக்குப் பாம்பு வந்தது. பேத்திகள் இருவரையும் என் துணைவியார் வாசற்படி தாண்ட விடுவதில்லை.

கினிக்கோழி வளர்த்தால் பாம்பைக் கண்டதும் ஊரைக் கூட்டிவிடும், உண்ணிகளையும் வெட்டுக்கிளிகளையும் தின்று தீர்க்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். எதற்கும் முதலில் ஹலாலா என்று எங்கள் மஹல்லாவின் ஹஜ்ரத்திடம் கேட்டேன். “தாராளமாக உண்ணலாம். அரபியில் அதற்கு தஜாஜ் ஹபஷீ, அதாவது அபிசீனியக் கோழி என்று பெயர். ஆனால் ஒரு விஷயம்! இஹ்ராம் அணிந்தவர் நாட்டுக்கோழியை அறுத்தால் குற்றமில்லை. இதை அறுத்தால் பரிகாரம் கொடுக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். வீட்டில் வளர்ந்தாலும் அதன் மூலம் காடு என்பதால் அது வேட்டைப் பிராணியாகக் கொள்ளப்படும்” என்றார். நான் ஹஜ்ஜுக்குப் புறப்படவில்லை, கூடு கட்டத்தான் புறப்பட்டேன் என்று சிரித்துக்கொண்டே திரும்பினேன். சிரித்திருக்கக் கூடாது.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு மாதக் குஞ்சுகள் பன்னிரண்டு வாங்கினேன். கூட்டை, என் உம்மா ஊரில் வைத்திருந்த கோழிக்கூட்டை மனத்தில் கொண்டு கட்டினேன்: மூன்றடி உயரம், குனிந்து புகும் வாசல், உள்ளே கும்மிருட்டு. ஓசூர் ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஊர். ஆகஸ்டுத் தூறலும் அதனுடன் வரும் ஈரக்காற்றும் எங்கள் தென்பாண்டிக் கரையில் பிறந்தவனுக்கு நினைவில் நிற்பதில்லை. தரையில் ஈரம் ஏறியது. குளிருக்கு அஞ்சிய குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறி நெருக்கின. காலையில் அடியில் கிடந்த மூன்று எழவில்லை. பேத்திகள் அவற்றைத் துணியில் சுற்றிப் புதைத்தார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

எஞ்சியவை வளர்ந்ததும் மாலையில் கூட்டுக்குள் வர மறுத்தன. இருட்டான பொந்துக்குள் நுழைய இப்பறவைக்கு மனம் வராது. பொழுது சாய்ந்தால் உயரமான கிளையைத்தான் தேடும். மஃரிப் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் ஒன்பதும் சில்வர் ஓக் மரத்தின்மேல். விரட்டிப் பிடிக்கப் போய் ஒன்றின் காலை முறித்துவிட்டேன். கோழியைப் பிடிப்பது போல் இதைக் காலில் பிடிக்கக் கூடாது, உடம்பைச் சேர்த்து அணைத்தே பிடிக்க வேண்டும் என்பதை அன்று கற்றேன். காலுக்குச் சிம்பு வைத்துக் கட்டினோம், பிழைத்தது. மறுவாரம் இரவில் ஒன்றை மரநாய் கொண்டு போயிற்று. எட்டு மிஞ்சின.

அப்போதுதான் ஹஜ்ரத்தின் சொல் உறைத்தது. காட்டை மூலமாகக் கொண்ட ஒன்றுக்கு நான் நாட்டுக்கோழியின் சிறையைக் கட்டியிருந்தேன்.

பழைய கூட்டைப் பிரித்துப் போட்டுப் புதிதாகத் தொடங்கினேன். கிருஷ்ணகிரிப் பகுதியில் வேலிக்கு மரம் நடுவதைவிடக் கல் நடுவது மலிவு. நான்கு கல்தூண்களை இரண்டடி ஆழத்தில் ஊன்றினேன். பலகைக்குத் தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் வரும் பைன் மரப்பெட்டிகள் பழைய மரக்கடையில் கிடைத்தன. வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அயல்நாட்டிலிருந்து வரும் பெட்டிகளில் முத்திரை இருக்கும். ‘ஹெச்.டி.’ என்றால் வெப்பமூட்டிப் பதப்படுத்திய மரம். ‘எம்.பி.’ என்றால் மெதில் புரோமைடு என்னும் நச்சுப்புகை ஊட்டியது. அதை உயிர்கள் வாழும் இடத்தில் வைக்கலாகாது. கடைக்காரர் இரண்டையும் கலந்தே அடுக்கியிருந்தார். பலகை பலகையாகப் புரட்டிப் பொறுக்கினேன்.

எட்டடி நீளம், ஐந்தடி அகலம், ஏழடி உயரம். பறவை ஒன்றுக்கு மூன்று சதுர அடி போதும் என்பார்கள், ஐந்து கொடுத்தேன். அவை குந்தக் கம்புகளை ஐந்தடி உயரத்தில் பொருத்தினேன். சாதாரணக் கோழிவலை நாய்க்குத் தடை, கீரிக்கு வாசல். ஆகையால் அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலையை, மண்ணுக்குள்ளும் ஓரடி இறக்கி அடித்தேன். தரையில் கடலைத்தோல். உள்ளே ஒரு சிறு விளக்கு. அந்தியில் அதை ஏற்றினால்தான் நுழையும். ஆறு வாரம் அடைத்தே வைத்தேன். அடைத்துப் பழகிய இடத்தைத்தான் இப்பறவை தன் வீடென்று ஏற்கும். திறந்துவிட்ட முதல் நாள் மஃரிப் பாங்கின்போது எட்டும் வரிசையாய் நடந்து உள்ளே போயின. நான் வெற்றி வீரனைப் போல் பள்ளிவாசலுக்கு நடந்தேன்.

ஜனவரியில் அடுத்த வீட்டுத் தம்பிக்கு நிரந்தர இரவு ஷிஃப்ட் போட்டார்கள். விடியலில் வந்து பகலில் உறங்க வேண்டியவர். கினிக்கோழியின் குரலை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: துருப்பிடித்த கிணற்றுக் கப்பியை விடாமல் இழுப்பது போலிருக்கும். பெட்டை ஈரசையாய்க் கத்தும், சேவல் ஓரசையாய். காகம் பறந்தால் எட்டும் சேர்ந்து கத்தும். என் கூடோ அவர் படுக்கையறைச் சுவரிலிருந்து நான்கு முழத்தில். சுவரின் அந்தப் பக்கத்தை நான் நினைத்தும் பார்த்ததில்லை.

அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மார்ச்சு மாதத்தில் ஒருநாள் லுஹர் தொழுகைக்குப் போகும் வழியில், அவர் கோரைப்பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரே வந்தார். நண்பரின் அறையில் போய்த் தூங்குகிறாராம். எவ்வளவு நாளாக என்றேன்.

“ஒண்ணுமில்லே பாய், ரெண்டு மாசமாத்தான். பாப்பாங்களுக்குப் பாம்பு பயம்னு அம்மா சொன்னாங்க. விடுங்க.”

அண்டை வீட்டாரை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) வலியுறுத்திய கடமையைப் பற்றி நானே மீலாது மேடையில் பேசியிருக்கிறேன். அன்றைய தொழுகையில் எத்தனை ரக்அத் தொழுதேன் என்பது எனக்கு நிச்சயமில்லை.

கிருஷ்ணகிரிக்கு அருகே நண்பர் ஒருவரின் மாந்தோப்புக்குப் பறவைகளை அனுப்புவதென முடிவாயிற்று. கூட்டைக் கழற்றி ஏற்ற அத்தம்பியே வந்து நின்றார், வேண்டாமென்றாலும் கேட்கவில்லை. கல்தூண்கள் மட்டும் பெயரவில்லை, இன்னும் நிற்கின்றன. தோப்பில் மறுபடி ஆறு வாரம் அடைப்பு. மனைக்காரருக்கு நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. நானும் தம்பியும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்தீனியத்தை வேரோடு பிடுங்கிச் சுத்தம் செய்தோம். கோழி வாங்குமுன் செய்திருக்கக்கூடிய வேலை.

பறவைகள் போன மறுநாள் அவருடைய தாயார் முறத்தோடு எங்கள் வாசலில் நின்றார். முறத்தில் பதினான்கு முட்டைகள். சிறியவை, பழுப்பு நிறம், கல் போன்ற ஓடு. எங்கள் பெட்டைகள் சுவர் தாண்டிப்போய் அவர்கள் வீட்டு விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒரே குழியில் சேர்ந்து இட்டவை. அவர் பல நாளாகப் பார்த்தே இருந்திருக்கிறார். கலைத்தால் வேறிடம் தேடிவிடும் என்று விறகைக்கூட எடுக்காமல் விட்டிருந்தாராம்.

அவர்கள் வீட்டில் ஒரு நாட்டுக்கோழி அடைக்குக் கிடந்தது. அதன் கீழேயே வைத்தோம். இருபத்தேழாம் நாள் பதினொன்று பொரித்தன. தண்ணீர்த் தட்டில் விழுந்து மூழ்காதிருக்கக் கூழாங்கற்களை நிரப்பி வைத்தது என் பேத்தி.