முதுகுக்குப் பின்னால் 20 டன்

யூரோ டிரக் சிமுலேட்டர் 2 விளையாட்டில் முதல் லோடை மாட்டிக்கொண்டு கம்பெனி வாசலைத் தாண்டியதுமே பின்னால் இருக்கும் எடை உறைத்துவிட்டது. முதல் சிக்னலில் மஞ்சள் விழுந்தது. பிரேக்கை அழுத்தினேன். கேபின் முன்பக்கம் சாய்ந்தது. டிரெய்லர் தன்பாட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தது. கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் எல்லாம் சேர்ந்து நின்றது. நின்ற பிறகும் கேபின் ஒருமுறை பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து அமர்ந்தது. ஏர் பிரேக் ‘புஸ்’ஸென்று மூச்சுவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அடிவயிற்றில் ஒரு ஆட்டம் தெரிந்தது. அது எனக்குப் பழைய ஆட்டம், தொப்பூர் கணவாயில் தெரிந்த ஆட்டம்.

மாமா அப்போது சங்ககிரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா பக்கம் போவார். திரும்பும்போது வெங்காயமோ, வேறு எது கிடைக்கிறதோ அது. முழுப் பரீட்சை லீவில் பெங்களூரு நடை ஏதாவது அமைந்தால் அம்மாவிடம் சொல்லி என்னையும் ஏற்றிக்கொள்வார். எனக்கு இடம் இன்ஜின் பானெட்டை ஒட்டி. சாக்கை மடித்துப் போட்டிருக்கும், அப்படியும் சூடு தொடையில் ஏறும். அங்கே உட்கார்ந்தால் ரோட்டைவிட மாமாவின் இடது கைதான் நன்றாகத் தெரியும். கியர் ராடின் தலையில் உள்ளங்கையை வைத்தபடியே இருப்பார். ராடு நடுங்கும், கையும் சேர்ந்து நடுங்கும்.

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும்போதுதான் தொப்பூர் தன் குணத்தைக் காட்டும். விபத்துகளுக்குப் பேர்போன இறக்கம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டவர்கள், பிரேக்கை மிதித்து மிதித்து டிரம் சூடேறி, பிறகு மிதித்தாலும் பிடிக்காத நிலைக்கு வந்தவர்கள் என்று அந்த இறக்கத்துக்கு நிறையக் கதைகள் உண்டு. மாமா உச்சியிலேயே கியரைக் குறைத்துவிடுவார். இன்ஜின் கத்திக்கொண்டே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துக் கொல்வான். மாமா திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். “ஏறுன கியர்லயே எறங்கோணும் மாப்ள. நியூட்ரல்ல உட்டா டீசலு மிச்சமாகும், ஆளு மிச்சமாக மாட்டான்” என்பார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் சொல்வார்.

விளையாட்டில் அந்த வேலைக்கு ரிட்டார்டர் இருக்கிறது. பிரேக்கைத் தொடாமலே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிற கருவி, படிப்படியாகக் கூட்டலாம், குறைக்கலாம். ஏர் பிரேக்கை நிஜம் போல வைத்துக்கொள்ளவும் வசதி உண்டு. அப்படி வைத்துக்கொண்டு பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் டேங்கில் காற்று இறங்குவது டேஷ்போர்டு முள்ளில் தெரியும். ஒரு விளையாட்டை எழுதியவர்கள் இந்த முள்ளுக்காக உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது. லாரி ஓட்டுவது கவனமும் அறிவும் கேட்கிற தொழில் என்று நம்பாதவர்களுக்கு அந்த முள் தோன்றியிருக்காது.

விளையாட்டை எழுதியவர்கள் செக் நாட்டுக்காரர்கள். எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர், தலைநகர் பிராகிலிருந்து நடக்கும் நிறுவனம். 2012 அக்டோபரில் இந்த விளையாட்டை வெளியிட்டார்கள், இன்னமும் அதற்கு ரோடு போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2013-இல் கிழக்கு ஐரோப்பா, 2015-இல் ஸ்காண்டிநேவியா, பிறகு பிரான்ஸ், இத்தாலி, 2021-இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும். ரஷ்யாவுக்கும் ரோடு போட்டு வைத்திருந்தார்கள். உக்ரைன் போர் தொடங்கியதும், 2022-இல், அதை வெளியிடாமல் நிறுத்திவிட்டார்கள்.

ஜெயிக்க ஒன்றும் இல்லாத விளையாட்டு இது. கதை இல்லை, எதிரி இல்லை, கடைசிக் கட்டம் என்று எதுவும் இல்லை. ஆரம்பத்தில் அடுத்தவன் வண்டியில் கூலிக்கு ஓட்டுகிறோம், டீசல் அவன் கணக்கு. வங்கி 1,00,000 யூரோ கடன் தரத் தயாராக நிற்கிறது. வாங்கினால் சொந்த வண்டி, தவணை நம் தலையில். பிறகு ஆள் வைக்கலாம், இன்னொரு வண்டி வாங்கலாம். எதுவும் செய்யாமல் ஒரே வண்டியோடு காலத்துக்கும் ஓட்டிக்கொண்டிருக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். சரக்கு அடிபட்டால் வாடகையில் பிடித்தம். சிவப்பு சிக்னலைத் தாண்டினால் அபராதம். ராத்திரி விளக்குப் போடாமல் போனாலும் அபராதம். ஜவ்வரிசி மூட்டை மழையில் நனைந்து, மாமா பாதி வாடகையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு நாள் எனக்குத் தெரியும். தார்ப்பாயில் ஒரு கிழிசல், அவ்வளவுதான். அத்தை அன்றைக்கு எதுவும் கேட்காமல் தட்டு வைத்தாள்.

இந்த பிராக் கம்பெனியோடு எனக்குப் பழக்கம் இந்த விளையாட்டுக்கும் முந்தியது என்பது பின்னால்தான் தெரிந்தது. காலேஜ் படிக்கும்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பிரௌசிங் சென்டர். அங்கே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் ‘18 வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்’ இருக்கும். அமெரிக்க ரோடு, நீண்ட மூக்கு வைத்த லாரிகள். கீபோர்டில் அம்புக்குறி தேய்ந்துபோகும் அளவுக்குப் பசங்கள் அதில் உட்கார்ந்திருப்பார்கள். செய்தது இதே எஸ்.சி.எஸ்.தான். மானிட்டரில் மரங்கள் அட்டையில் வெட்டி நட்டது போல நிற்கும், மழை கோடு கோடாக விழும். அப்படியும் ஹாரன் அழுத்தும்போது ஒரு சந்தோஷம். மற்றவர்கள் போலீஸ் துரத்துகிற அளவுக்கு வேகமாக ஓட்டிப் பார்ப்பார்கள். நான் இண்டிகேட்டர் போட்டுத் திரும்புவேன். பானெட் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவனுக்கு வேறு மாதிரி ஓட்ட வராது.

நேரத்தை இவர்கள் கையாளும் விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவை 1:19 என்று சுருக்கியிருக்கிறார்கள். ஊருக்கு வெளியே கடிகாரமும் அதே கணக்கில் ஓடும். 600 கி.மீ. லோடை 80 வேகத்தில் ஓட்டினால் நம் கடிகாரத்தில் சுமார் 25 நிமிடம். அதற்குள் விடிந்து, மழை பெய்து, ஓய்ந்துவிடும். கொஞ்ச நேரத்தில் டிரைவர் கொட்டாவி விடுவார். சத்தம் மட்டும்தான் கேட்கும், ஆனால் நமக்கும் வாய் திறக்கும். பிடிவாதமாக ஓட்டிக்கொண்டே போனால் திரை இருண்டு இருண்டு தெளியும், கண் சொருகுவது போல. ஓரமாக இருக்கிற பார்க்கிங்கில் நிறுத்திப் படுத்துத்தான் ஆக வேண்டும்.

அங்கே நிஜமாகவே அப்படித்தான் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு. ஒரு நாளைக்கு 9 மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. வண்டியில் இருக்கும் டேக்கோகிராஃப் கருவி எல்லாவற்றையும் பதிந்துவைக்கும், ஏமாற்றுவது எளிதல்ல. நம்மிடமும் சட்டம் உண்டு. மாமா ஓட்டிய காலத்தில் நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்றது. மாமா அந்தச் சட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. ஹூப்ளி தாண்டித் தூக்கம் வந்தால் தண்ணீரில் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார். கிளீனர் பையனைப் பேசிக்கொண்டே வரச் சொல்வார். அவன் தூங்கிவிட்டால் பாட்டு. விளையாட்டில் படுக்கைப் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் எனக்கு அந்த ஈரத் துண்டு ஞாபகம் வருகிறது. 2025 முதல் இந்தியாவில் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம் என்று ஆக்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். அந்தக் கேபினுக்குள் எத்தனை மணி நேரம் உட்காரவைக்கிறோம் என்பதையும் அதே உறுதியோடு பார்க்க வேண்டும்.

பாட்டு என்றதும் ஒன்று. விளையாட்டிலேயே ரேடியோ இருக்கிறது. இணைய வானொலி எதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஜெர்மன் ஆட்டோபானில், வைப்பர் அடிக்கிற மழையில், இளையராஜா. அந்த ரோட்டுக்கும் அந்தப் பாட்டுக்கும் ஒட்டாது என்றுதான் நினைத்தேன். முதல் பாட்டு முடிவதற்குள் ஒட்டிக்கொண்டது.

கலேயில் கப்பலேறி டோவரில் இறங்கியதும் ரோடு இடப்பக்கம் மாறுகிறது. பிரான்ஸில் வலப்பக்கமாகவே ஓட்டி இறுகியிருந்த தோள் அங்கே தளர்ந்தது. நம்மூர்ப் பக்கம். ஆனால் ஸ்டியரிங் இன்னும் ஐரோப்பியப் பக்கத்திலேயே இருக்கிறது, நான் நடைபாதையை உரசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எதிரே வருகிறவன் தூரத்தில். முன்னால் போகும் வண்டியைத் தாண்டலாமா என்று எட்டிப் பார்க்க வழியில்லை. இந்தச் சங்கடம் நிஜத்தில் அந்தக் கடல்வழியைத் தாண்டும் ஒவ்வொரு டிரைவருக்கும் உண்டு என்பது அப்போதுதான் புரிந்தது.

ஓட்டுவதைவிடக் கடினம் ரிவர்ஸ். டிரெய்லரின் வால் இடப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். ஒடித்துவிட்டு, வால் திரும்பத் தொடங்கியதும் உடனே எதிர்ப்பக்கம் கொடுத்து அதன் பின்னாலேயே போக வேண்டும், இல்லாவிட்டால் கத்திரிபோல மடங்கிவிடும். ரிவர்ஸ் வேண்டாம் என்று தாண்டிப்போகவும் விளையாட்டு அனுமதிக்கிறது, நான் தாண்டுவதில்லை. கிடங்குச் சுவருக்கும் இன்னொரு டிரெய்லருக்கும் நடுவே மெல்ல மெல்ல நுழையும்போது ஒரு சத்தத்துக்காகக் காது தானாகக் காத்திருக்கிறது. கிளீனர் பின்பக்கப் பலகையில் உள்ளங்கையால் தட்டும் சத்தம். “வரட்டும்... வரட்டும்... ஒடிச்சு வரட்டும்...” பிறகு இரண்டு தட்டு, “ஹோல்டான்!” இருட்டில், முன்பின் தெரியாத ஊர்க் குடோனில், மாமா கண்ணாடியைப் பார்த்ததைவிட அந்தக் கையைத்தான் நம்பினார். இங்கே கண்ணாடி மட்டும்தான்.

கிளீனர் மட்டுமல்ல, காத்திருப்பும் இங்கே இல்லை. இறக்கிய இடத்திலேயே அடுத்த லோடுகளின் பட்டியல் விரிகிறது. ரிட்டர்ன் லோடுக்காக புக்கிங் ஆபீஸ் வாசலில் நாள் கணக்கில் வண்டியை நிறுத்திவிட்டு, அடுப்பைப் பற்றவைத்துச் சோறு பொங்கித் தின்ற நாட்கள்தான் மாமாவின் பாதி வாழ்க்கை. அதை விளையாட்டாக ஆக்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பட்டியல் சட்டென்று விரியும்போது ஏதோ பொய் சொல்லப்படுவது போல இருக்கும்.

அக்கா பையன் போனில் ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ ஆடுகிறான். 2017-இல் இந்தோனேசியாவில் செய்தது. வண்டிக்கு நாமே வண்ணம் பூசிக்கொள்ளலாம் என்பதால் நம் பையன்கள் அரசு விரைவுப் பேருந்து முதல் தனியார் ஆம்னி வரைக்கும் எல்லாவற்றுக்கும் சட்டை தைத்துவிட்டார்கள். ஜாவா மாதிரி இருக்கிற ரோட்டில் திருச்சி பலகை போட்ட பஸ் போகிறது. “மாமா, ஹாரன் கேளுங்க” என்று காதருகே கொண்டுவருவான். நான் கேட்பேன்.

அவன்தான் எங்கள் மாமாவை என் ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்தது. வண்டியை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன, முட்டி சரியில்லை. “பொம்மை வண்டிய ஓட்டிப் பாத்து என்ன ஆவப்போவுது” என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் ஒஸ்லோவிலிருந்து பெர்கன் போகும் லோடை எடுத்துக்கொடுத்தேன். நார்வே மலை, 20 டன். கிளம்பவே இல்லை அவர்.

“சைடு மிரரு எனக்குச் சரியா இல்லையே மாப்ள.”

“திருப்பிக்கலாங்க மாமா.” திருப்பிக் காட்டினேன். இரண்டு பக்கமும் தன் கண்ணுக்குச் சரியாகும் வரை திருப்பச் சொன்னார். பிறகு எடுத்தார். ஏற்றம் முடியுமிடத்தில், நான் எதுவும் சொல்லுமுன், கியரைக் குறைத்தார். வண்டி கத்தியது. ரிட்டார்டரைக் காட்டிக்கொடுத்தேன். ஒரு படி கூட்டிப் பார்த்தார், இன்னொரு படி கூட்டிப் பார்த்தார். பிரேக்கைத் தொடாமல் மொத்த இறக்கமும் இறங்கினார்.

“இது அன்னிக்கு எங்க வண்டியில இருந்திருந்தா எத்தன பேரு இன்னிக்கு ஊட்டுல இருந்திருப்பானுங்க” என்றார். யார் யார் என்று நான் கேட்கவில்லை. அவரே இரண்டு பேரைச் சொன்னார்.

பெர்கனில் இறக்கியதும் பட்டியல் விரிந்தது.

“ரிட்டர்ன் லோடு இவ்வளவு இருக்குதா?”

“இருக்குதுங்க மாமா. உங்களுக்கு எது வேணுமோ எடுத்துக்கலாம்.”

விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னார். கிலோமீட்டருக்கு என்ன விழுகிறது என்று மனசுக்குள் வகுத்துக்கொண்டே வந்தார். மீன் லோடுக்கு வாடகை நன்றாக இருந்தது.

“மீனா? வேண்டாம். தண்ணி ஒழுவி வண்டி ஆறு மாசத்துக்கு நாறும். மரம் இருந்தாப் பாரு.”