சாத்தப்பட்ட யன்னல்

2010ஆம் ஆண்டு உதைபந்தாட்ட உலகக் கிண்ண இறுதியாட்டத்தை, நள்ளிரவில் அண்ணனுடன் அயல்வீட்டு யன்னலருகே நின்று பார்த்தேன். கோலின்றி ஆட்டம் நீண்டது. அவ்வீட்டார்க்கு உறக்கம் வந்தது, யன்னல் சாத்தப்பட்டது. 116ஆம் நிமிடத்தில் ஸ்பெயினுக்காக இனியெஸ்தா போட்ட கோலை நாம் காணவில்லை. அவர்களை நொந்துகொள்ள நமக்கு ஏது உரிமை?

2022 டிசம்பர் 18 அன்று ஆர்ஜென்டீனா–பிரான்ஸ் இறுதியாட்டத்தைப் பல்கலைக்கழகத்தின் அருகிலுள்ள தேநீர்க் கடையிற் கண்டேன். 2–0 எனப் பின்தங்கிய பிரான்ஸை, இரு நிமிடங்களுள் இரண்டு கோல்கள் போட்டு எம்பாப்பே சமநிலைக்குக் கொணர்ந்தார். கடை பூட்டும் நேரமும் ஆயிற்று. இன்னொரு தேநீருக்கு எம்மிடம் காசில்லை, எழுந்தோம். “இருங்கோ தம்பிமார், முடியட்டும்” என்றார் முதலாளி. ஈற்றில் 3–3, தண்ட உதைகளில் 4–2 என ஆர்ஜென்டீனா வென்றது.

பிரித்தானியாவில், 1996ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டத்தின்படி, ஒழுங்குமுறை அமைப்பின் இசைவின்றிச் சந்தா அறவிடும் அலைவரிசை எதுவும் உலகக் கிண்ண ஆட்டங்களைத் தனக்கே உரியதாக்கிக்கொள்ள இயலாது. அங்கு அது உரிமை. எமக்கோ அன்று அயலாரின் தயவு, பின்னர் முதலாளியின் அன்பு. அவ்வன்பை நான் மறவேன். ஆயினும், அன்பு வாய்க்காத சிறுவர் இன்னும் எத்தனை யன்னல்களின் வெளியே நிற்கின்றனரோ!