முன்னே வருமா, பின்னே வருமா?



பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு டிப்ளமோவுக்கு வரும் நம்மைப் போன்றவர்களைப் பயமுறுத்துவது கணக்கும் அல்ல, டிராயிங்கும் அல்ல, ஆங்கிலம்தான். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் அம்மையார்குப்பத்தில் தறி நெய்கிறவர்கள். சந்தேகம் என்றால் வீட்டில் கேட்க ஆளில்லை. ஆங்கிலத்துக்குப் பயந்தே படிப்பை விட்டவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அப்படி இனி ஒருவரும் விடக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

‘பிரேஸ்’ என்றால் சேர்ந்து நின்று ஒரே வேலை செய்யும் சில சொற்கள். அதில் முற்றுவினை இருக்காது. தனியாக நின்றால் செய்தி முடியாது. ‘இன்’, ‘ஆன்’, ‘வித்’, ‘டு’, ‘பை’ போன்ற ஒரு பிரிப்பொசிஷனில் தொடங்கி ஒரு பெயர்ச்சொல்லில் முடிந்தால் அது ‘பிரிப்பொசிஷனல் பிரேஸ்’. ‘ஆன் த லூம்’ என்றால் ‘தறியில்’.

ஒரு நாள் ராத்திரி இதை நான் உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா தறியில் இருந்தபடியே, “இன்னாடா, இன்னு ஆனுன்னு சொல்லிக்கினே கீறே?” என்று கேட்டார். அர்த்தம் சொன்னேன். “அட, நாம பின்னால சொல்றத அவன் முன்னால சொல்றான், அவ்ளோதானே!” என்றார். பள்ளிக்கூடம் போகாதவர் சொன்ன அந்த ஒரு வரிதான் பாடத்தின் சாரம்!

தமிழில் வேற்றுமை எட்டு. ஐ, ஆல், கு, இன், அது, கண் ஆகிய உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டும். எங்கள் பக்கம் பேசும் தெலுங்கிலும் அப்படித்தான்: ‘கொண்ட மீத’ என்றால் மலை மேல். ஆங்கிலத்தில் அது முன்னால் வரும். ‘த டெம்பிள் ஆன் த ஹில் இன் திருத்தணி’ என்பதைக் கடைசியிலிருந்து படியுங்கள்: திருத்தணியில், மலை மேல் உள்ள கோயில். கண்ணாடியில் பார்ப்பது போல் வரிசை அப்படியே திரும்புகிறது.

ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்று மனப்பாடம் செய்தால் போதாது. டாக்டர் ராதாகிருஷ்ணன் திருத்தணியில் 1888-இல் செப்டம்பர் 5-இல் பிறந்தார். நமக்கு மூன்று இடத்திலும் ‘இல்’ போதும். ஆங்கிலத்தில் ஊருக்கும் வருடத்துக்கும் ‘இன்’, தேதிக்கு ‘ஆன்’. மணிக்கு வந்தால் ‘அட்’!

இது மார்க் விஷயம் மட்டும் அல்ல. லேத்தில் 25 மி.மீ. கம்பி மாட்டியிருக்கிறது. ‘ரெட்யூஸ் த டயாமீட்டர் டு 20 மி.மீ.’ என்றால் 20 மி.மீ. மிஞ்ச வேண்டும். ‘பை 20 மி.மீ.’ என்றால் 20 மி.மீ. போய்விடும், மிஞ்சுவது 5. இரண்டு எழுத்துச் சொல்தான். மாறினால் கம்பி வீண், கம்பெனியில் என்றால் வேலையே போகலாம்.

இன்னொன்று, பிரேஸ் எதோடு சேர்கிறது என்று பார்க்க வேண்டும். ‘மெஷர் த ராட் வித் த காலிப்பர்’ என்றால் காலிப்பரால் அள. அது வினையோடு சேர்கிறது. ‘மெஷர் த ராட் வித் த த்ரெட்’ என்றால் மரை உள்ள கம்பியை அள. அது கம்பியோடு சேர்கிறது. இரண்டிலும் ‘வித்’தான், வேலை வேறு.

ஆகவே நண்பர்களே, நீளமான வாக்கியத்தைக் கண்டு மிரளாதீர்கள். முதலில் பிரிப்பொசிஷனைக் கண்டுபிடியுங்கள். அதன் பெயர்ச்சொல் முடியும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். அந்தத் துண்டு எந்தச் சொல்லோடு சேர்கிறது என்று தமிழில் கேளுங்கள். சிக்கு விழுந்த நூலை யாரும் மொத்தமாக இழுப்பதில்லை; முனையைத் தேடி ஒவ்வொரு இழையாகத்தான் பிரிப்பார்கள்.

தமிழ் வழியில் படித்தது குறை அல்ல. வேற்றுமை உருபு தெரிந்தவனுக்கு ஆங்கிலத்தில் பாதி வழி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியைச் சேர்ந்தே நடப்போம்!

— இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு மாணவன்,
அம்மையார்குப்பம்