எல்லை கட்டிய சொல்

மஃரிபுத் தொழுகை முடித்து வீடு திரும்பியபோது, திண்ணையில் என் ராத்தாவின் மகன் யூசுப் அமர்ந்திருந்தான். சென்னையிலிருந்து சொல்லாமல் மேலப்பாளையத்துக்கு வந்திறங்கும் வழக்கம் அவனுக்கு இல்லை. ஸலாம் சொன்னான், கையிலிருந்த தாள்களை என்னிடம் நீட்டினான்.

“மாமா, நீங்கள் அமைத்துத் தந்த வாசகத்தைத்தான் முதலாவதாகத் தள்ளியிருக்கிறார்கள்” என்றான்.

அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுவே எனக்கு மிகவும் உறைத்தது.

அரபும் தமிழும் கற்பித்து வயிறு வளர்க்கும் எனக்கும், வெப்பத்தைக் கடத்தும் ஒரு பசைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கலாம். அதனை முதலிலிருந்து சொல்லுகிறேன்.

யூசுப் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் எல்.ஈ.டி. விளக்குகள் பூட்டும் ஒரு சிறு பட்டறையை நடத்துகிறான். எல்.ஈ.டி. விளக்கு சூடாவதில்லை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது பிழை. அதற்குள் செல்லும் மின்னாற்றலில் ஒரு பகுதிதான் ஒளியாகிறது. எஞ்சியது வெப்பமாகி, மிளகைவிடச் சிறிய ஒரு சில்லின் அடியில் தங்குகிறது. அவ்வெப்பம் பின்னாலுள்ள அலுமினியத் தகட்டுக்கு இறங்கிவிட்டால் விளக்கு பல்லாண்டு எரியும். இறங்காவிட்டால் ஒளி மங்கி விரைவில் மடியும். இரு பரப்புகளை எவ்வளவு அழுத்தி வைத்தாலும், இடையே கண்ணுக்குப் புலப்படாத காற்றறைகள் இருந்தே தீரும். காற்றோ வெப்பத்தைக் கடத்துவதில் பெருஞ்சோம்பேறி. ஆகவே அவ்விடைவெளியை நிரப்பி, இரண்டையும் ஒட்டி, வெப்பத்துக்கும் வழிவிடுகிற பசை ஒன்று தேவைப்படுகிறது.

உடைந்த பீங்கானை ஒட்டுவதற்கு நாம் இரண்டு குழாய்களிலிருந்து பிதுக்கிக் கலக்கிறோமே, அந்த அரால்டைட்டும் எபாக்சி இனத்தைச் சேர்ந்ததே. ஒரு குழாயில் பிசின். மற்றதில் அதை இறுகச் செய்யும் பொருள். 1930களின் பிற்பகுதியில் பியர் காஸ்தான் எனும் சுவிட்சர்லாந்து வேதியியலார், செயற்கைப் பல் கட்டுவதற்குரிய பொருளைத் தேடியபோது இவ்வகைப் பிசினை உருவாக்கினார். எபாக்சி நன்றாக ஒட்டும். ஆனால் வெப்பத்தைக் கடத்தாது. அதன் வெப்பங்கடத்து திறன், மீட்டர் கெல்வினுக்கு ஏறத்தாழ 0.2 வாட். அலுமினியத்துக்கோ அது 200க்கும் மேல்.

எனவே கடத்தும் பொடி எதையேனும் பிசினில் கலக்கிறார்கள். வெள்ளிப் பொடி வெப்பத்தை நன்கு கடத்தும். கூடவே மின்சாரத்தையும் கடத்திவிடும். மின்சாரத்தைத் தடுத்து வெப்பத்தை மட்டும் விட வேண்டுமாயின் அலுமினா, போரான் நைட்ரைடு போன்றவற்றை நாட வேண்டும். பொடி குறைந்தால், மணிகள் ஒன்றையொன்று தொடாமல் பிசினுக்குள் தனித்தனித் தீவுகளாகக் கிடக்கும். வெப்பம் கடக்கப் பாலம் இராது. மிகுந்தால், பசை பிசைந்த மாவுபோல் கெட்டித்துக் குழாயை விட்டு வெளிவராது. ஒட்டும் வலுவும் குன்றும்.

யூசுப் கண்டது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வழி. அலுமினாவின் உருண்டை மணிகளோடு, போரான் நைட்ரைடின் மெல்லிய செதில்களை ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சேர்த்தபோது, செதில்கள் மணிகளுக்கு நடுவே பாலம்போல் அமைந்தன. பசை இளகியோடவும் செய்தது. வெப்பமும் கூடுதலாகக் கடந்தது. இதற்காக அவன் மூன்றாண்டுகள் செலவிட்டான். என் ராத்தா தம் நான்கு பொன்வளையல்களை அடகு வைத்துப் பணம் கொடுத்தார்.

இதற்குப் ‘பேட்டன்ட்’ எனப்படும் காப்புரிமை வாங்க வேண்டும் என்று யூசுப் முடிவு செய்தான். அச்சொல்லை நான் ஆராய்ந்து பார்த்தேன். எங்கள் தொழிற்புத்தி அப்படிப்பட்டது. அதன் வேர் லத்தீனில் ‘திறந்திருத்தல்’ என்னும் பொருளுடையது. முத்திரையிட்டு மூடாமல், எவரும் படிக்கும்படி திறந்து விடப்பட்ட அரச ஆணையை அது குறித்தது. அரபியில் ‘பராஅத்துல் இக்திராஃ’ என்பர். பராஅத் இரவு என்று நம் இல்லங்களில் வழங்குகிறோமே, அதே பராஅத்துதான். காப்புரிமை என்பது மறைத்து வைப்பதற்கான ஏற்பாடு என்றே அதுவரை நினைத்திருந்தேன். உண்மை அதற்கு நேர்மாறானது. கண்டவன் தன் கண்டுபிடிப்பை, அத்துறையறிந்த வேறொருவர் செய்து பார்க்கும் அளவுக்கு ஒளிவின்றி எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு அரசு அவனுக்குத் தனியுரிமை தருகிறது. அதன்பின் அது ஊருக்கெல்லாம் பொது.

நம் நாட்டில் விண்ணப்பம் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் இருத்தல் வேண்டும். யூசுப் தமிழில் சிந்திக்கிறவன். முகவரை அமர்த்தக் கையில் பணமும் இல்லை. தமிழில் எழுதி, நண்பர் ஒருவரைக் கொண்டு ஆங்கிலப்படுத்தலாம் என்று என்னிடம் வந்தான். விண்ணப்பத்தின் இறுதியில் ‘உரிமைக் கோரிக்கைகள்’ என்றொரு பகுதி உண்டு. தனக்குரியது எதுவரை என்று கண்டுபிடித்தவன் வேலி போட்டுக் காட்டும் இடம் அது. அவன் எழுதியிருந்த முதற் கோரிக்கை, இன்ன மணி, இன்ன செதில், இன்ன விகிதம் என்று மிகச் சிறிதாக இருந்தது. எனக்கு அது போதவில்லை. “இவ்வளவு பாடுபட்டுவிட்டு ஒரு முழ நிலத்துக்கா வேலி போடுவாய்?” என்று கேட்டு, என் தமிழ் முழுவதையும் திரட்டி ஒரு வாசகம் அமைத்தேன். வெப்பத்தைக் கடத்தும் எப்பொடியாயினும், எவ்வளவினதாயினும், எபாக்சியோடு போதியவாறு கலந்து மிக உயர்ந்த கடத்து திறன் எய்திய பசை யாவும் அவனுக்கே உரியன என்பது அதன் சாரம். அன்றிரவு அதை இரண்டு முறை உரக்கப் படித்து மகிழ்ந்தேன். யூசுப் எழுதியிருந்த விகிதம், கோரிக்கையிலிருந்து நீங்கி விளக்கப் பகுதியில் ஓர் எடுத்துக்காட்டாக மட்டும் நின்றது.

இப்போது அவன் கொணர்ந்திருந்தது முதல் பரிசோதனை அறிக்கை. விண்ணப்பத்தை ஆயும் அலுவலர், உலகெங்கும் முன்பே வெளிவந்த ஆவணங்களைத் தேடி ஒப்பிட்டு, தம் ஆட்சேபங்களை அதில் வரிசைப்படுத்துகிறார். ஆறு மாதங்களுக்குள் மறுமொழி தர வேண்டும். தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும்.

முதல் ஆட்சேபம், புதுமை இல்லை என்பது. எபாக்சியில் அலுமினா கலந்த பசை ஓர் ஆவணத்திலும், போரான் நைட்ரைடு கலந்த பசை மற்றோர் ஆவணத்திலும் எப்போதோ வெளியாகியிருந்தன. என் வாசகம் அவ்விரண்டையும் தன் வேலிக்குள் இழுத்துப் போட்டிருந்தது. பிறர் சொத்தை நம்முடையதென்று சொல்லியிருந்தோம் என்பதே அதன் பொருள். இரண்டாவது, அவ்விரண்டையும் படித்த துறையறிஞர் எவருக்கும் இக்கலவை எளிதில் தோன்றுமே என்பது. மூன்றாவது, 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவைச் சார்ந்தது. கலந்த பொருள்களின் குணங்கள் வெறுமனே கூடி நிற்கும் கலவை, கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது அச்சட்டம். மணலும் உமியும் கலந்தால் மணலும் உமியுமே. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தாலோ, இரண்டிலும் இல்லாத சிவப்பு எழுகிறது. உங்கள் கலவை எவ்வகை என்று காட்டுங்கள் என்பதே கேள்வி. நான்காவது என் பெயரெச்சங்களைப் பற்றியது. ‘போதியவாறு’ என்றால் எவ்வளவு? ‘மிக உயர்ந்த’ என்றால் எதனினும் உயர்ந்த? மாணவர் கட்டுரைகளில் இத்தகைய சொற்களைச் சிவப்பு மையால் அடித்தே தலை நரைத்தவன் நான்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அரபுக் கல்லூரியில் மன்திக் எனும் தருக்கநூல் ஓதிய நாள்கள் நினைவுக்கு வந்தன. ஒரு வரையறை ‘ஜாமிஃ’ ஆகவும் ‘மானிஃ’ ஆகவும் இருக்க வேண்டும் என்று எங்கள் உஸ்தாத் ஓயாது சொல்லுவார். தனக்குரியன அனைத்தையும் அது சேர்த்துக்கொள்ள வேண்டும். உரியன அல்லாத எதையும் உள்ளே விடலாகாது. மனிதனை ‘உயிருள்ளது’ என்று வரையறுத்தால் ஆடும் மாடும் உள்ளே நுழைந்துவிடும். ‘எழுதத் தெரிந்தது’ என்றால், கையெழுத்துப் போடத் தெரியாத என் பாட்டியார் வெளியே நின்றுவிடுவார். பவணந்தியாரும் நன்னூலில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களைச் சொல்லும்போது குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் சேர்த்தே வைத்தார். இவ்விரண்டையும் முப்பதாண்டுகளாகக் கற்பித்து வந்தவன், சொந்த மருமகனுக்கு எழுதியபோது மிகைபடக் கூறினேன். அறியாமையால் செய்தேன் என்று சொல்வதற்கும் வழியில்லை. ஆசையால் செய்தேன்.

காலையில் அவனுடைய குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். நாள்தோறும் செய்த சோதனைகளை நுணுக்கமான எழுத்தில் பதிந்திருந்தான். செதில் குறைந்தபோது பயன் ஏதுமில்லை. மிகுந்தபோது பசை கெட்டித்துப் போயிற்று. இடையிலுள்ள ஒரு குறுகிய பரப்பில் மட்டும், தனி அலுமினாவோ தனிப் போரான் நைட்ரைடோ அதே மொத்த அளவில் தராத பயனைக் கலவை தந்திருந்தது.

“நன்றாக வந்தவற்றை மட்டும் பட்டியலிட்டு அனுப்பிவிடலாம் மாமா. தோற்றவற்றைக் காட்டினால் நம் பொருளே பலவீனமானது என்று நினைப்பார்கள். அகன்ற உரிமை கிடைத்தால்தான் பெரிய நிறுவனங்கள் நம்மைத் தேடி வரும்” என்றான் யூசுப்.

நான் உடனே மறுக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அடுக்களையில் ராத்தா எங்களுக்காகப் பத்திரி சுட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வெறுங்கைகள் என் கண்ணில் பட்டன. சற்று நேரம் வாளாவிருந்தேன். ஏட்டை மீண்டும் புரட்டியபோதுதான் ஒன்று புலப்பட்டது. ஆய்வாளரின் கேள்விக்கு விடை, தோற்ற சோதனைகளில்தான் இருந்தது. எல்லா விகிதத்திலும் பயன் கூடியிருந்தால், ‘எவருக்கும் தோன்றக்கூடியது’ என்ற சொல் நிலைத்துவிடும். இந்தக் குறுகிய பரப்புக்கு இருபுறமும் பயன் சரிகிறது என்பதே, அப்பரப்பில் ஏதோ புதிதாக நிகழ்கிறது என்பதற்குச் சான்று.

“வாப்பா, தோற்றவைதாம் உன் வேலியின் கற்கள். அவற்றை ஒளித்தால் வேலி எங்கே நிற்கும்?” என்றேன்.

விண்ணப்பத்தைத் திருத்தும்போது புதிதாக எதையும் நுழைக்கச் சட்டம் இடந்தராது. முன்பு கேட்டதைச் சுருக்கலாம், தெளிவாக்கலாம். நல்ல வேளையாக அவ்விகிதம் விளக்கப் பகுதியில் எடுத்துக்காட்டாக நின்றிருந்தது. அதனைக் கோரிக்கைக்குள் கொணர்ந்தோம். என் பெயரெச்சங்கள் அனைத்தையும் நானே அடித்தேன். வென்றவையும் தோற்றவையுமான சோதனைகள் எல்லாவற்றையும் உறுதிமொழிப் பத்திரமாக இணைத்து, நான்காம் மாதம் மறுமொழி அனுப்பினான்.

பின்னர் காணொளி வழியே விசாரணை நடந்தது. நான் திரைக்கு அப்பால், அவனுக்கு அருகே அமர்ந்திருந்தேன். கட்டுப்பாட்டு அலுவலர் கேட்டவற்றுள் முதன்மையானது ஒன்றே: “இந்த விகிதத்துக்கு வெளியே போனால் என்ன ஆகிறது?” யூசுப் தயங்காமல் தோற்ற சோதனைகளின் பக்கத்தை எடுத்துக் காட்டினான். ஒளிக்க ஏதுமில்லாதவனின் குரல் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று அன்று கேட்டேன்.

சில மாதங்களில் உரிமை வழங்கப்பட்டது. முதலில் அவன் எழுதியிருந்த அந்தச் சிறு கோரிக்கையின் அளவுதான் கிடைத்தது. என் வாசகத்தில் ஒரு சொல்லும் மிஞ்சவில்லை.

செய்தியைச் சொன்னபோது ராத்தா, “இத்தனை நாள் பாடுபட்டது இந்த ஒரு முழத்துக்கா தம்பி?” என்று கேட்டார். நான் அவனிடம் கேட்ட அதே கேள்வி. என்ன சொல்வதென்று தெரியாமல் நான் விழித்தபோது யூசுப் முந்திக்கொண்டான்: “ஒரு முழம்தான் உம்மா. ஆனால் இது நம்முடையது. யாரும் வந்து பிடுங்க முடியாது.”

வளையல்கள் இன்னும் மீளவில்லை. இரண்டு விளக்குப் பட்டறைகள் அவனிடம் பசை வாங்கத் தொடங்கியிருக்கின்றன. இன்ஷா அல்லாஹ், மீட்டுவிடுவான். அறிக்கையின் முதல் தாளை மட்டும் அவனிடம் கேட்டு வாங்கி, என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். மாணவர் கட்டுரைகளைத் திருத்த அமரும்போதெல்லாம், ‘மிக உயர்ந்த’ என்னும் சொல்லுக்கு எதிரே அந்த ஆய்வாளர் எழுப்பிய கேள்வி என் கண்முன் நிற்கிறது.