ஜாதகம் இல்லாத குதிரை

முதலிலேயே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வீரன் இல்லை. கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன். இதுவரை என் வாழ்க்கையில் நடந்த பெரிய சாகசம், ஒரு மார்ச் 31-ம் தேதி ராத்திரி பதினொன்றரைக்கு பேலன்ஸ் டேலி ஆனதுதான்.

அப்பேர்ப்பட்டவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஸீட் நண்பன் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு செம்மண் பொட்டலுக்கு இழுத்துக்கொண்டு போனான். மேடு, பள்ளம், முழங்கால் அளவு சேறு. அதில் பத்துப் பையன்கள் பைக்கில் பறந்துகொண்டிருந்தார்கள். டர்ட் பைக்கிங்காம். விழுந்தால் உடையுமே என்று நம்பர் பிளேட், கண்ணாடி, இண்டிகேட்டர் எல்லாவற்றையும் கழற்றி மரத்தடியில் குவித்திருந்தார்கள், கோயில் வாசலில் செருப்பு விடுகிற மாதிரி. நண்பன் தன் எக்ஸ்பல்ஸை என்னிடம் கொடுத்தான். மூன்றாவது மேட்டில் வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எழுந்தபோது வாயில் மண், மனசில் காதல்.

புது வண்டி விலையை விசாரித்தேன். ஒன்றரை லட்சத்துக்கு மேல். காதல் கொஞ்சம் ஆறியது. அந்த நேரம் பார்த்து, டீக்கடையில் பழக்கமான ஒருத்தன் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். அதே எக்ஸ்பல்ஸ். முப்பத்தைந்தாயிரம்.

"ஏம்ப்பா இவ்ளோ சீப்?"

"பேப்பர் மட்டும் இல்ல சார். காட்டுல, சேத்துல ஓட்டற வண்டிக்குப் பேப்பர் எதுக்கு? அங்க எந்த டிராஃபிக் போலீஸ் வந்து நிக்கப் போறாரு?"

நியாயமாகத்தான் பட்டது. சின்ன வயசிலிருந்தே எனக்குத் தேவையான நியாயம் சீக்கிரம் புரிந்துவிடும். வீட்டில் மட்டும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

குழந்தை பிறப்பதற்கு முன்னாலேயே தொட்டில் வாங்குகிற ரகம் நான். வண்டி கைக்கு வருமுன் ஹேண்டில்பார், கைக்கு கார்டு, கட்டை போட்ட டயர் எல்லாம் பழசில் என்ன விலை என்று பார்க்க, சனிக்கிழமை எழும்பூரில் இறங்கி புதுப்பேட்டைக்கு நடந்தேன்.

2006-ல் அந்தப் பெயரில் செல்வராகவன் படம் வந்த பிறகு, வெளியூர்க்காரர்களுக்குப் புதுப்பேட்டை என்றால் அரிவாள்தான் ஞாபகம் வரும். நேரில் போனால் அரிவாள் இல்லை, ஸ்பேனர். பக்கத்தில் கூவம் தன் வாசனையை அனுப்பிக்கொண்டிருக்க, சந்துக்குச் சந்து வண்டிகளின் உறுப்பு தானம் நடக்கிறது. ஒரு கடை முழுக்க சைலன்ஸர், மூங்கில் அடுக்கின மாதிரி. அடுத்த கடையில் பெட்ரோல் டேங்குகள், பலாப்பழம் போலத் தொங்குகின்றன. இன்னொன்றில் கார் கதவுகள் மட்டும். எந்தக் கதவைத் திறந்தாலும் சுவர்தான். தரையில் ஆண்டாண்டாகச் சிந்திய இன்ஜின் ஆயில், தாரைவிடக் கறுப்பு. பார்த்து நடக்கவில்லை என்றால் டர்ட் பைக் இல்லாமலே சறுக்கலாம்.

"வா தம்பி, என்ன வண்டி?"

கூப்பிட்டவர் ஒரு பாய். அறுபது வயசிருக்கும். வெள்ளைத் தாடி, கை மட்டும் முழங்கை வரை கறுப்பு. ஒரு கார்பரேட்டரைப் பிரித்து, பல் டாக்டர் மாதிரி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டோவைக் காட்டினேன்.

"வண்டி நல்லாருக்கே. உன்னுதா?"

"வாங்கப் போறேன் பாய். முப்பத்தஞ்சு."

"ஆர்.சி.?"

"இல்ல. சும்மா சேத்துல ஓட்டறதுக்குத்தானே..."

பாய் கார்பரேட்டரைக் கீழே வைத்தார். எனக்கு ஸ்கூல் ஹெட்மாஸ்டர் ஞாபகம் வந்தது.

"புதுப்பேட்டைன்னாலே திருட்டு வண்டி உடைக்கிற எடம்னு பேசறாங்கள்ல? நீயும் அப்படித்தான் நெனச்சிருப்பே. உக்காரு" என்று ஸ்டூலைத் தள்ளினார். ஒரு பழைய ஃபைலை எடுத்துப் போட்டார். உள்ளே ஏல ரசீதுகள். ஓய்வு பெற்ற அரசாங்க ஜீப், ஆக்ஸிடென்ட்டில் நொறுங்கி இன்ஷூரன்ஸ் கம்பெனி கைகழுவின வண்டி. "நான் உடைக்கிற வண்டிக்கெல்லாம் இது இருக்கு. மனுஷன் செத்தா டெத் சர்ட்டிபிகேட் வாங்கறோமில்ல? வண்டி செத்தாலும் ஓனர் பதினாலு நாளைக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்லி ஆர்.சி.யை ஒப்படைக்கணும். சட்டம் அப்படி. பேப்பர் இல்லாம எவனாவது வண்டியைத் தள்ளிட்டு வந்தா, டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுவேன்."

"டீ எதுக்கு பாய்?"

"அவன் குடிச்சு முடிக்கறதுக்குள்ள போலீசுக்குப் போன் பண்ணிடலாமில்ல?"

பிறகு பாய் எனக்கு ஒரு பாடம் எடுத்தார். ரோட்டில் ஓடுகிற வண்டியைத் திருடினால் திருடனுக்கு ஆயிரம் தலைவலி. 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டி என்றால் கழற்ற முடியாத பூட்டோடு ஹை செக்யூரிட்டி நம்பர் பிளேட். சிக்னலுக்குச் சிக்னல் கேமரா. போலீஸ்காரர் செல்போனில் நம்பரைத் தட்டினால் ஓனர் யார், இன்ஷூரன்ஸ் உண்டா என்று வந்து நிற்கும். ஆனால் டர்ட் பைக்? நம்பர் பிளேட்டை ஓனரே கழற்றிக் கொடுத்துவிடுகிறார். ஓட்டுகிற இடத்தில் சிக்னல் இல்லை, கேமரா இல்லை. ஒரு மினி லாரியில் ஏற்றினால் முடிந்தது.

"ரோட்டு வண்டிக்கு ஊரெல்லாம் செக்போஸ்ட் தம்பி. சேத்து வண்டிக்கு ஒரே செக்போஸ்ட்தான். வாங்கறவன். அவனும் பேப்பர் எதுக்குன்னு கேட்டா, திருடனுக்கு நாமளே சிவப்புக் கம்பளம் போட்ட மாதிரி."

எனக்கு லேசாக வியர்த்தது. இருந்தாலும் முப்பத்தைந்தாயிரம் விடவில்லை. "ஒருவேளை நெஜமாவே பேப்பர் தொலைஞ்சு போயிருந்தா?"

"தொலைஞ்சா டூப்ளிகேட் ஆர்.சி. வாங்கலாமே. போலீஸ்ல எழுதிக் குடுத்து, ஆர்.டி.ஓ.வுல பணம் கட்டினா ஓனருக்குக் குடுத்துடறான். விக்கறவன் ஓனரா இருந்தா அதுக்கு ஏன் சோம்பேறித்தனம்? சரி, சேஸிஸ் நம்பரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு."

அனுப்பச் சொன்னேன். டீ வந்தது. சமோசா வந்தது. பாதி சமோசாவில் போட்டோவும் வந்தது. ஹேண்டில்பாருக்குக் கீழே, வண்டியின் கழுத்தில் அடித்த எண். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போட்டோவை இரண்டு விரலால் பெரிசாக்கினார்.

"கம்பெனிக்காரன் அடிச்சா எல்லா எழுத்தும் ஒரே உயரம், ஒரே ஆழம். இதப் பாரு, பஸ்ஸுல தொத்திட்டுப் போற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு கீழே. சுத்தி பெயின்ட்டும் புதுசு. நீ அக்கவுன்ட்ஸ்தானே? எண்ணு. மொத்தம் பதினேழு இருக்கணும்."

எண்ணினேன். பதினாறு. மறுபடி எண்ணினேன். பதினாறு. பத்து வருஷமாக எண்ணித்தான் சம்பளம் வாங்குகிறேன், தப்பு வராது.

நான் பேசாமல் இருந்தேன். பாய் என்ன நினைத்தாரோ, "என்ன தம்பி, மூஞ்சி மாறிடுச்சு?" என்றார்.

அப்போதுதான் சொன்னேன், வீட்டில் சொல்லாத காரணத்தை. அப்பா 1994-ல் ஒரு ஆர்.எக்ஸ். 100 வாங்கினார். கடன் வாங்கி, பி.எஃப். லோன் போட்டு. என்னை ஸ்கூலுக்குக் கொண்டுபோனது, அம்மாவைப் பிரசவத்துக்கு... இல்லை, அது ஆட்டோ. ஆனால் ஆட்டோவுக்குப் பின்னால் அப்பா அதில்தான் வந்தார். தங்கை பிறந்தபோது. 2009-ல் ஒரு நாள் மார்க்கெட்டில் நிறுத்திவிட்டுக் கத்தரிக்காய் வாங்கித் திரும்புவதற்குள் வண்டி இல்லை. கம்ப்ளெயின்ட் கொடுத்தார். தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ்தான் என்பதால் திருட்டுக்கு ஒரு பைசா வராது. ஆறு மாசம், ரோட்டில் எந்த ஆர்.எக்ஸ். 100 போனாலும் அப்பாவின் கழுத்து தானாகத் திரும்பும். அதன் ஆர்.சி. புக் இன்றைக்கும் பீரோவில், எங்கள் ஜாதகங்களோடு இருக்கிறது.

பாய் நிதானமாகக் கேட்டுவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்:

"அந்த வண்டியை எவன் வாங்கிருப்பான்னு நெனக்கிறே? உன்ன மாதிரி ஒரு பையன்தான். நல்ல பையன். 'பேப்பர் எதுக்கு, சும்மா ஓட்டத்தானே'ன்னு."

எங்கள் வீட்டில் பதினைந்து வருஷத்துக்கு மேலாக வண்டி இல்லாத பேப்பர். என் செல்போனில் பேப்பர் இல்லாத வண்டி. சமோசா தொண்டையில் இறங்கவில்லை.

'ஆர்.சி. கொண்டு வந்தால் வாங்குகிறேன்' என்று அவனுக்கு மெஸேஜ் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. அதோடு போன் ஸ்விட்ச் ஆஃப்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. சட்டையை மாட்டினார், செருப்பை மாட்டினார், வாசலில் நின்றார். "எங்கப்பா?" என்றேன். "ஸ்டேஷனுக்கு. எவனோ ஒருத்தன் கத்தரிக்காய் வாங்கிட்டு வந்து நின்னிருப்பான்ல?" என்றார். போனோம். போட்டோ, போன் நம்பர் எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்தோம். ஏட்டு என்னை மேலும் கீழும் பார்த்து, "வாங்கிருந்தா நீங்க இந்தப் பக்கம் நின்னிருக்க மாட்டீங்க சார்" என்று லாக்கப் பக்கம் கையைக் காட்டினார். தமாஷ் இல்லை. 2024 ஜூலையிலிருந்து இருக்கும் புதுச் சட்டத்தில் 317-வது பிரிவு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ கெட்ட எண்ணத்தோடு வாங்கினால் மூன்று வருஷம் வரை உள்ளே. பாதி விலை என்பதே ஒரு காரணம்தானே!

அதற்கப்புறம் நானும் கொஞ்சம் படித்தேன், விசாரித்தேன். நாலு பேருக்கு உபயோகமாகட்டும்.

பழைய வண்டி பார்க்கப் போனால், முதலில் ஸீட்டில் உட்காராதீர்கள். உட்கார்ந்தால் புத்தி போய்விடும். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா பாருங்கள். பதினேழு எழுத்துள்ள சேஸிஸ் நம்பரில் ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்று விலக்கி வைத்திருக்கிறார்கள். எம்-பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். வண்டியின் மேல் கடன் இருந்தால் பாங்கின் கடிதமும் ஃபாரம் 35-ம் கேளுங்கள். வேற்று மாநில வண்டி என்றால் ஃபாரம் 28, அதாவது என்.ஓ.சி. வாங்கின கையோடு ஃபாரம் 29, 30. விற்றவர் 14 நாளில், வாங்கினவர் 30 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்ல வேண்டும்.

பந்தயத் தடத்துக்கென்றே வருகிற அசல் டர்ட் பைக்குகளுக்கு லைட்டும் கிடையாது, ஆர்.டி.ஓ. பதிவும் கிடையாது. அதற்கு ஷோரூம் பில்தான் ஜாதகம். பில்லில் சேஸிஸ், இன்ஜின் நம்பர் இரண்டும் இருக்க வேண்டும். கைமாறும்போது பில்லும் கூடவே கைமாற வேண்டும், எழுதிக் கையெழுத்துப் போட்டு. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில், ரோட்டுக்கே வராத டர்ட் பைக்கைக்கூட பதிவு செய்து ஸ்டிக்கர் ஒட்டச் சொல்கிறார்கள்.

சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு: ஒரிஜினல் ஆர்.சி.யை ஸீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். அது திருடனுக்கு வண்டியோடு ஜாதகத்தையும் தட்டில் வைத்துக் கொடுக்கிற மாதிரி. ரோட்டில் காட்ட டிஜிலாக்கர் போதும். சேஸிஸ் நம்பரை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வயசில் காசின் மேல் பேப்பரை வைத்து பென்சிலால் தேய்ப்போமே, அதே மாதிரி ஒரு பென்சில் பிரின்ட்டும் எடுத்து வையுங்கள். தடத்தில் கழற்றின நம்பர் பிளேட்டை, ரோட்டுக்கு வருமுன் மாட்டிவிடுங்கள்.

எட்டு மாசம் சேர்த்து, போன மாதம் நண்பனின் நண்பனிடம் ஒரு பழைய எக்ஸ்பல்ஸ் பார்த்தேன். விலை பேசினபடி இரண்டு மடங்குக்கு மேல். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், இரண்டு சாவி எல்லாம் சுத்தம். அப்பாவும் வந்தார். வண்டிக்காரர் "அங்கிள், ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க" என்று சாவியை நீட்டினார். அப்பா வாங்கவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, டார்ச் அடித்து, வண்டியின் கழுத்தைத் துடைத்து, விரல் வைத்து வாய்க்குள் எண்ண ஆரம்பித்தார். நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடாமல் நின்றோம்.

"பதினேழு" என்றார் அப்பா. பிறகுதான் ஸீட்டைத் தட்டிப் பார்த்தார்.